பஞ்சுத் தூசிக்கு விலை கொடுப்பவர் யார்?

ஒரு கிலோ நூலின் அடக்கவிலை என்ன என்று கேட்டால், கோவையிலோ திண்டுக்கல்லிலோ ராஜபாளையத்திலோ உள்ள நூற்பாலை மேலாளர் எவரும் உடனே விடை சொல்லிவிடுவார். பஞ்சின் விலை, மின்கட்டணம், கூலி, கடனுக்கான வட்டி, இயந்திரத் தேய்மானம், கழிவாகப் போகும் பஞ்சு என அவரது பட்டியலில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அதில் இடம்பெறாத செலவு ஒன்று இருக்கிறது. ஆலைக்குள் பறக்கும் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரல் இழக்கும் திறனே அது. இயந்திரத்தின் தேய்மானத்துக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கிறது. நுரையீரலின் தேய்மானம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தியாவின் நூற்புத் திறனில் ஏறத்தாழப் பாதி தமிழகத்தில் இருக்கிறது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையை நிறுவினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொங்கு நாட்டில் ஆலைகள் பெருகின. தாத்தா, தந்தை, மகள் என மூன்று தலைமுறைகள் ஆலை வேலையில் வாழ்ந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். ஆனாலும், இந்தத் தொழிலுக்கே உரிய நோயின் பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பெயர் பிசினோசிஸ். பருத்தி, ஆளி, சணல் போன்ற நார்களின் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய்.

தொழில்வழி நுரையீரல் நோய் என்றவுடன் கல்குவாரியும் நிலக்கரிச் சுரங்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கனிமத் தூசியால் வருபவை. தாவரங்களிலிருந்தும் விலங்குகளிலிருந்தும் வரும் உயிர்ப்பொருள் தூசியால் உண்டாகும் நோய்கள் தனியொரு குடும்பம். பூஞ்சை பிடித்த வைக்கோலையும் உலர்புல்லையும் கையாளும் உழவர்களுக்கு ஒரு வகை நுரையீரல் அழற்சி வருகிறது. கரும்புச் சக்கையை அள்ளுவோருக்கு வருவது பகாசோசிஸ். மாவைக் கையாளும் ரொட்டித் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருகிறது. மரத்தூளும் தானியத் தூசியும் இந்தப் பட்டியலில் உண்டு. கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும் தூசி என்பதாலேயே இவற்றை யாரும் அஞ்சுவதில்லை. இவற்றுள் தமிழகத்துக்கு மிக நெருக்கமானது பஞ்சுத் தூசி.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட நோயும் அன்று. தொழில் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, 1700-இல் வெளியிட்ட நூலில், ஆளியையும் சணலையும் சிக்கெடுப்பவர்களின் இருமலையும் மூச்சுத் திணறலையும் பதிவு செய்திருக்கிறார். 1831-இல் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே என்ற மருத்துவர் மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளர்களிடம் இதே துன்பத்தைக் கண்டு எழுதினார். பிசினோசிஸ் என்ற பெயரை 1877-இல் பயன்படுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்ட். எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்டின் தந்தை. 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளில் ஆய்வு செய்து, நோயைப் படிநிலைகளாக வகுத்தார். நவீனமாகிவிட்ட ஆலைகளில் இந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆய்வாளர் ஒருவர் ஆலைக்குள் போய்த் தொழிலாளர்களிடம் கேட்டபோதுதான், அது எங்கும் போய்விடவில்லை என்று தெரிந்தது.

இந்நோயின் அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், பணி தொடங்கிச் சில மணி நேரம் கழித்து, நெஞ்சு இறுகுகிறது, மூச்சு கனக்கிறது. அடுத்த நாள் குறைகிறது. வாரக் கடைசியில் ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. மேலை நாடுகளில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். தொடக்கத்தில் எப்போதாவது ஒரு திங்கட்கிழமை. பிறகு எல்லாத் திங்கட்கிழமைகளும். அதன் பின் வாரத்தின் மற்ற நாள்களும். கடைசியில், விடுமுறை எடுத்தாலும் மீளாத நிரந்தர மூச்சுத்திறன் இழப்பு. ஷில்லிங் வகுத்த படிநிலைகளின் சாரம் இதுதான். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே பெரும்பாலும் பல ஆண்டு இடைவெளி இருக்கிறது. தடுப்பதற்கான வாய்ப்பு இருப்பதும் அந்த இடைவெளியில்தான்.

பஞ்சு என்பது வெறும் நார்தானே, அது எப்படி நோய் தரும் என்ற கேள்வி எழலாம். வெள்ளை நார் நம் கண்ணுக்குத் தெரிவது. தீங்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததிலிருந்து வருகிறது. பருத்திக் காயைச் சுற்றியுள்ள சருகு, இலைத் துணுக்கு, மண் ஆகியவை பஞ்சோடு கலந்தே ஆலைக்கு வருகின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் ஒருவகைப் பாக்டீரியாக்களின் செல்சுவரில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. பேல் பிரிக்கப்பட்டு, புளோரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சு அடித்துச் சிக்கெடுக்கப்படும்போது இந்தத் துணுக்குகள் பொடியாகிக் காற்றில் கலக்கின்றன. மூக்கு வடிகட்ட முடியாத அளவுக்கு நுண்ணியவை மூச்சுக்குழாய்களுக்குள் சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் பிரிவுகளைவிடத் தொடக்கப் பிரிவுகளில் ஆபத்து மிகுதி என்பதற்குக் காரணம் இதுவே. வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் உள்ளே போன பஞ்சு வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை ஆலைத் தொழிலாளர்களிடையே உண்டு. தின்பது இரைப்பைக்குப் போகிறது. தூசி போகும் வழி வேறு.

அப்படியானால், இத்தனை லட்சம் பேர் வேலை செய்யும் மாநிலத்தில் இந்நோய் ஏன் நம் கண்ணில் படவில்லை? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு மருத்துவத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு செலவு கணக்கில் வராமல் போவதற்கு எப்போதும் காரணங்கள் இருக்கும். இங்கே நான்கு இருக்கின்றன.

முதலாவது, சோதனை முறை. கல்தூசி நோய் எக்ஸ்ரே படத்தில் தெரியும். பிசினோசிஸ் நோய்க்கு அப்படித் தனி அடையாளம் எதுவும் படத்தில் தெரிவதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ‘நுரையீரல் நன்றாக இருக்கிறது’ என்று மருத்துவர் சொல்லிவிட முடியும். இந்நோயைக் காட்டுவது ஸ்பைரோமீட்டர் என்ற ஊதல் கருவி. மூச்சை நிறைய இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அது அளக்கும். பணி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஊதச் செய்து, அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையையும் ஏதோ ஒரு நாளில் அல்லாமல், விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நம் ஆலைகளின் பணி ஒழுங்கு. ஆலைகள் மூன்று ஷிஃப்டுகளில் வாரம் முழுவதும் ஓடுகின்றன. வார விடுமுறை ஆளுக்கொரு நாளாக மாறி வருகிறது. எனவே ஒருவருக்குத் திங்கட்கிழமை வரும் நெஞ்சிறுக்கம், மற்றொருவருக்கு வியாழக்கிழமை வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் வந்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும் ஒழுங்கு, இங்கே சிதறிப் போய்விடுகிறது. தொழிலாளிக்கே கூட அது தூக்கமின்மையாகவோ சளியாகவோதான் தோன்றும்.

மூன்றாவது, நோயின் முகம். முற்றிய நிலையில் இது புகைப்பிடிப்பவர்களுக்கு வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியைப் போலவே இருக்கிறது. புகைப்பழக்கம் இந்நோயை மோசமாக்கும் என்பதும் உண்மைதான். ஆண் தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டு வந்தால் பழி பீடியின் மீது விழுகிறது. அல்லது காசநோய்ச் சோதனையோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பீடியைத் தொட்டே அறியாத பெண்களுக்கு ‘வீசிங்’ என்று மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது.

நான்காவது காரணமே எல்லாவற்றிலும் முக்கியமானது. அது வேலைவாய்ப்பின் தன்மையில் நேர்ந்துள்ள மாற்றம். ஒரே ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமுறை மறைந்து வருகிறது. மூன்று ஆண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்ற ‘சுமங்கலி’ ஏற்பாட்டில், தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் ஆலை விடுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டதை நாடறியும். இன்று ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்களும் பெண்களும் அந்த விடுதிகளில் இருக்கிறார்கள். சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ ஆலை மாறுகிறார்கள், அல்லது ஊர் திரும்புகிறார்கள். மூச்சு முட்டுபவர்கள் முதலில் வேலையை விடுகிறார்கள், தாங்கக்கூடியவர்கள் எஞ்சுகிறார்கள். எஞ்சியவர்களை மட்டும் சோதித்தால் ஆலை நலமாகத்தான் தெரியும். நோய் ஆலையில் தொடங்கி, தொலைதூரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு பெயரில் பதிவாகிறது.

சட்டம் இல்லாத குறை நமக்கு இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் நோயையும் சேர்த்தது. அப்பட்டியலில் உள்ள நோயைக் காணும் மருத்துவர், தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பருத்தித் தூசி நோயை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. உயிர்ப்பொருள் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியையும் ஏற்றது. ஆனால், அத்தகைய வேலையில் காப்பீட்டுக் கழகம் குறிப்பிடும் காலம் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிரந்தரத் தொழிலாளிக்கு இது எளிது. இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆலை என்று மாறுகிறவரும் ஒப்பந்ததாரரின் ஏட்டில் மட்டும் இருப்பவரும் தொடர்ச்சியை எப்படி மெய்ப்பிப்பார்கள்? பிரிட்டன் 1941-இல் இந்நோய்க்கு இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தபோது, 20 ஆண்டுப் பணி என்ற நிபந்தனை வைத்தது. அது நியாயமற்றது என்று உணர்ந்து பின்னர் படிப்படியாகத் தளர்த்தியது. நம்முடைய தொழிலாளர் சந்தையோ எதிர்த்திசையில் நகர்கிறது; பணிக்காலம் சுருங்கச் சுருங்க, உரிமையும் சுருங்குகிறது.

பொருளாதாரப் பாடநூல்களில் புறவிளைவு என்றொரு கருத்து உண்டு. 1920-இல் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர் தம் நூலில் இதை விரிவாக விளக்கினார். ஆலைப் புகை அண்டை வீட்டாரின் துணியைக் கறுப்பாக்கினால், அந்தச் செலவு ஆலையின் கணக்கில் வராது. எனவே அரசு தலையிட வேண்டும். பாடநூல் எடுத்துக்காட்டுகளில் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் மதில் சுவருக்கு வெளியே இருப்பார். சுவருக்கு உள்ளே இருப்பவருக்கு வேறொரு விதி சொல்லப்பட்டது. கடினமான, அருவருப்பான வேலைகளுக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்று ஆடம் ஸ்மித் எழுதினார். ஆபத்துக்கு ஈடாகக் கூலி உயரும், சந்தை அதைச் சரிசெய்துவிடும் என்று பின்வந்தவர்கள் அதை விரித்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்வேன். ஆபத்து என்னவென்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று விலகிப் போக அவருக்கு வேறு வழி இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் விடுதிக்கு வந்து சேரும் பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது? கார்டிங் பிரிவில் நிற்பவருக்குக் கூடுதல் கூலி கிடைத்தால் அது திறமைக்காகவே தவிர, நுரையீரலுக்காக அன்று.

‘தூசியைக் குறைக்கப் போனால் தொழில் நசிந்துவிடும்’ என்ற வாதம் எப்போதும் வரும். இது வேறொரு நாட்டில் முழுமையாகச் சோதிக்கப்பட்ட வாதம். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் 1970-களில் ‘பழுப்பு நுரையீரல்’ என்ற பெயரில் இந்நோய்க்கு எதிராக அணிதிரண்டார்கள். 1978-இல் அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்பு, நூற்புப் பிரிவுகளில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று விதித்தது. ஆலை அதிபர்கள் சங்கம் வழக்குத் தொடுத்தது. செலவையும் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விதி செய்தது தவறு என்பது அவர்களது வாதம். 1981-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறைவேற்ற இயலும் அளவுக்குத் தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்க வேண்டும் என்பதே சட்டம். செலவையும் பயனையும் எடைபோடும் வேலையை நாடாளுமன்றமே முடித்துவிட்டது. தொழிலாளியின் நலனுக்கே அது முன்னுரிமை தந்திருக்கிறது என்று நீதிபதி பிரென்னன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது.

பிறகு நடந்ததே பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டியது. ஆலைகள் மூடிய அமைப்புள்ள, தூசியை உறிஞ்சும் புதிய இயந்திரங்களை வாங்கின. அவை பழைய இயந்திரங்களைவிட வேகமாக நூற்றன. விதிக்கு இணங்க ஆன செலவு, முன்கூட்டி மதிப்பிட்டதைவிட வெகுவாகக் குறைந்தது, உற்பத்தித்திறன் உயர்ந்தது, நோயும் பெருமளவு வீழ்ந்தது. அமெரிக்க ஆலைகள் பின்னாளில் நலிந்தன என்பது உண்மை. அதற்கு மலிவு கூலி நாடுகளிலிருந்து வந்த இறக்குமதியே முதன்மையான காரணம். ஆலைகள் இடம்பெயர்ந்த நாடுகளுக்குத் தூசியும் வந்து சேர்ந்தது.

இன்னோர் ஆய்வும் குறிப்பிடத்தக்கது. 1981 முதல் ஷாங்காய் நகரின் பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் ஆய்வாளர்கள் பல்லாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். பஞ்சுத் தூசியில் இருந்தவர்களின் மூச்சுத்திறன் விரைவாகக் குறைந்தது. தூசியிலிருந்து விலகிய பிறகு அந்த இழப்பு ஓரளவு மீண்டது. ஆகவே, காலத்தில் கண்டறிந்தால் பயன் உண்டு என்பது ஊகம் இல்லை.

தமிழகத்தின் பெரிய நூற்பாலைகள் பல, நவீன இயந்திரங்களாலும் உறிஞ்சு குழாய்களாலும் தூசியைக் குறைத்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. கவலை தருபவை பழைய இயந்திரங்களோடு ஓடும் சிறு ஆலைகள், பருத்தி அரவை ஆலைகள், கழிவுப் பஞ்சை நூலாக்கும் ஓப்பன் எண்ட் ஆலைகள். கழிவுப் பஞ்சில் நார் குறைவு, தூசி மிகுதி. காற்றுக் குழாயால் ஊதி இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் வழக்கம் படிந்த தூசியை மறுபடி மூக்குக்கே கொண்டுவருகிறது. வாயை மூடும் துணியோ கைக்குட்டையோ நுண்தூசியைத் தடுப்பதில்லை.

செய்ய வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. வேலைக்குச் சேரும்போது ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில் பணிக்கு முன்னும் பின்னுமாகவும் ஊதல் சோதனை செய்யப்பட வேண்டும். அந்த அளவுகள் தொழிலாளியின் கையில் ஓர் அட்டையாகத் தரப்பட வேண்டும். ஆலை மாறினாலும் ஊர் திரும்பினாலும் அது அவரோடு போக வேண்டும். பிரிவுவாரியாகத் தூசியின் அளவு அளக்கப்பட்டு, ஆலையின் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதப்பட வேண்டும். பல ஆலைகளில் செய்த பணிக்காலத்தை ஒன்றாகக் கூட்டி, தொடர்ச்சியாக ஏற்கும் வகையில் காப்பீட்டுக் கழகம் தன் நிபந்தனையைத் தெளிவாக்க வேண்டும். இப்போது எல்லோருக்கும் தனிக் காப்பீட்டு எண் இருப்பதால், இது கணினிக்குச் சில நொடி வேலை.

சிறு ஆலைகளால் செலவை ஏற்க முடியாது என்றால், அந்தக் கவலைக்கும் வழி இருக்கிறது. 1999-இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தின் வழியாக, ஜவுளி இயந்திரங்களுக்கு வட்டி மானியமாகப் பொதுமக்களின் வரிப்பணம் பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. இனி வரும் எந்த மானியத்திலும் தூசிக் கட்டுப்பாட்டை நிபந்தனையாக்கலாம். மூடிய கார்டிங் இயந்திரத்துக்கும் உறிஞ்சு அமைப்புக்கும் கூடுதல் சலுகை தரலாம். இயந்திரத்துக்கு உதவும் அரசு, அதன் அருகில் நிற்பவரின் மூச்சையும் அதே ஆணையில் சேர்ப்பதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக ஹிப்போகிரேட்டஸ் வகுத்தவற்றோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்ற கேள்வியையும் ராமசினி சேர்த்தார். மூச்சிரைப்போடு வரும் இளம்பெண்ணிடமும் நடுவயதுக்காரரிடமும் அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேட்கலாம்: ‘லீவு முடிந்து போகும் நாளில் அதிகமாக இருக்கிறதா?’ ஆம் என்று விடை வந்தால், அதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு கடிதமாக எழுத வேண்டும். அத்தகைய கடிதங்கள் சேரச் சேரத்தான், இந்தச் செலவு எவ்வளவு, அதை இதுவரை யார் சுமந்து வந்திருக்கிறார்கள் என்ற கணக்கை நாம் எழுதத் தொடங்க முடியும்.